பழங்கதையும் பாவேந்தரும்

கதை கேட்டு வளராத தமிழ்க் குழந்தை இல்லை. இராமன் கதை, பாரதக் கதை, பிரகலாதன் கதை, தேசிங்கு ராசன் கதை, தலை வாங்கும் இளவரசியின் கதை என்று வழிவழியாக வந்த கதைகள் கூத்து மேடையிலும், காலட்சேப அரங்கிலும், பெரிய எழுத்துப் புத்தகத்திலும், பின்னாளில் வெள்ளித்திரையிலும் மீண்டும் மீண்டும் உருக்கொண்டு வந்திருக்கின்றன. மலையைப் பெயர்த்தெடுத்து வரும் வானரமும், தூணைப் பிளந்து வெளிப்படும் நரசிங்கமும், வானில் பறக்கும் தேரும் நம் மக்களின் கற்பனைக்கு அந்நியமானவை அல்ல. நல்லது எது, தீயது எது, ஆளப் பிறந்தவர் யார், அடங்கிப் போக வேண்டியவர் யார் என்ற எண்ணங்களையெல்லாம் நம் சமுதாயம் பெரும்பாலும் இக்கதைகளின் வழியாகவே பெற்றிருக்கிறது. ஆகவே ஒரு கதையை மாற்றிச் சொல்வது என்பது பொழுதுபோக்கு வேலையாக நின்றுவிடுவதில்லை. கேட்போர் மனத்தில் நெடுங்காலமாக அமர்ந்திருக்கும் ஒரு தீர்ப்பை மாற்றி எழுதும் வேலையாகவும் அது அமைந்துவிடுகிறது.

அந்த வேலையை வாழ்நாள் முழுதும் செய்தவர் பாவேந்தர் பாரதிதாசன். மொழிப்பற்றின் பாவலர், இயற்கையைப் பாடியவர், சீர்திருத்தக் கவிஞர் என்ற கோணங்களிலேயே அவர் பெரிதும் பேசப்பட்டிருக்கிறார். பழங்கதையோடு மல்லாடிய கதைஞர் என்ற கோணத்தில் அவர் வாழ்க்கையை நோக்குவோர் சிலரே. அந்த நோக்கில் அவருடைய எழுபத்து மூன்று ஆண்டு வாழ்க்கையைத் தொடர்ந்து பார்க்கும்போது, கவிஞர்கள் கருதிப் பார்க்க வேண்டிய சில செய்திகள் புலப்படுகின்றன.

இளமையும் கல்வியும்

புதுவையில் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் கனகசபை முதலியாருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தவர் சுப்புரத்தினம். தந்தையாரின் பெயரையும் முன்னே சேர்த்துக் கனக சுப்புரத்தினம் என்று வழங்கப்பட்டார். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த அந்நாளைய புதுவையில் பிரெஞ்சுக் கல்விக்கே மதிப்பு மிகுதி. எனினும் சுப்புரத்தினத்தின் நாட்டம் தமிழின்பால் சென்றது. திருப்புளிசாமி ஐயாவிடம் தொடக்கக் கல்வியும், பங்காரு பத்தர், பெரியசாமிப் பிள்ளை முதலிய புலவர்களிடம் இலக்கண இலக்கியப் பயிற்சியும் பெற்றார். கல்வே கல்லூரியில் தமிழ் பயின்று தேர்ந்தார். 1909இல், பதினெட்டாம் வயதில், காரைக்காலை அடுத்த நிரவியில் அரசுத் தமிழாசிரியராகப் பணியேற்றார். அதுமுதல் முப்பத்தேழு ஆண்டுகள் ஆசிரியப் பணியே அவருக்கு வாழ்க்கைத் துணையாயிற்று.

தென்பெண்ணைக்கும் பாலாற்றுக்கும் இடைப்பட்ட நாட்டுப்புறமெங்கும் தெருக்கூத்தும் பாரதப் பிரசங்கமும் செழித்திருந்த காலம் அது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பதும், விடிய விடியக் கூத்து நடப்பதும், நிறைவு நாளில் தீமிதிப்பதும் புதுவையைச் சூழ்ந்த ஊர்களின் ஆண்டு வழக்கம். இளமையிலேயே இசையிலும் நடிப்பிலும் ஈடுபாடு கொண்ட சுப்புரத்தினம் இச்சூழலில் வளர்ந்தவர். தொடக்கத்தில் அவர் பாடியவையும் பத்திப் பாடல்களே. மயிலம் முருகன் மீது அவர் பாடிய துதிப்பாடல்கள் 1920களின் நடுப்பகுதியில் நூலாகவும் வெளிவந்தன. பின்னாளில் புராணத்தை எதிர்த்து நின்ற கவிஞர், புராணத்தை வெளியிலிருந்து பார்த்தவர் அல்லர் என்பதை இந்தத் தொடக்கம் உணர்த்துகிறது. கதைகள் கேட்போரை எவ்வாறு உருக வைக்கின்றன என்பதை உருகி அறிந்தவர் அவர்.

ஆசானின் முன்மாதிரி

1908ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆட்சியின் அடக்குமுறைக்குத் தப்பிப் புதுவைக்கு வந்தார் சுப்பிரமணிய பாரதியார். 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தனர். வேணு நாயக்கர் வீட்டுத் திருமணத்தில் பாரதியாரின் பாடலொன்றைச் சுப்புரத்தினம் பாட, அங்கு வந்திருந்த பாரதியாரோடு அவருக்கு நட்பு ஏற்பட்டது. அந்தச் சந்திப்பே அவர் வாழ்வின் திசையை மாற்றியது. பாரதியார் கேட்டுக்கொண்டபடி அவர் எழுதிய சத்திப் பாடல், பாரதியாரின் பரிந்துரையோடு சுதேசமித்திரனுக்குச் சென்றது. கனக சுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார்.

பாரதியாரிடம் அவர் பெற்றது எளிய நடையையும் புதுப் பொருளையும் மட்டும் என்று சொல்வது போதாது. பழைய கதையொன்றை எடுத்து அதற்குள் தம் காலத்தின் நெருப்பை வைக்கும் வழியையும் அவர் அங்கேதான் கண்டார். பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இல் புதுவையிலேயே வெளிவந்தது. பாரதக் கூத்தில் ஊர்தோறும் நடிக்கப்படும் துகிலுரிதல் நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அடிமைப்பட்ட நாட்டின் மானக்கேட்டைப் பாரதியார் அதில் பாடியிருந்தார். அதே நகரின் மாந்தோப்பில் பிறந்த குயில்பாட்டோ முழுக்க முழுக்க மாயக் கதை. குயில் மானுட மொழி பேசுகிறது, முற்பிறவிக் கதை கூறுகிறது, இறுதியில் கனவாய்க் கரைகிறது. இவ்விரு நூல்களும் பாரதிதாசனின் முன்னே இரு வழிகளைக் காட்டின. ஒன்று, ஊரறிந்த பெருங்கதையைப் புதுப்பொருளில் சொல்வது. மற்றொன்று, மாயத்தையே கருவியாக்கிப் புதுக்கதை படைப்பது. பின்னாளில் தாம் நடத்திய இதழுக்குக் குயில் என்றே அவர் பெயரிட்டார்.

1918இல் பாரதியார் புதுவையை நீங்கினார், 1921இல் மறைந்தார். 1920இல் பழநி அம்மையாரை மணந்த பாரதிதாசன், ஆசிரியப் பணியும் இல்லறமுமாகப் புதுவையில் வாழ்ந்தார். கிறுக்கன், கிண்டல்காரன், கண்டெழுதுவோன் முதலிய புனைபெயர்களில் இதழ்களுக்கு எழுதிவந்தார்.

சஞ்சீவி மலையில் கேட்ட குரல்

1928ஆம் ஆண்டளவில் பாரதிதாசன் பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தில் சேர்ந்தார். அரசுப் பணியில் இருந்த ஒருவர் அந்நாளில் அம்முடிவை எடுப்பதற்குத் துணிவு வேண்டும். முருகன் துதி பாடிய கை புராண மறுப்பில் இறங்கியது. 1930இல் சஞ்சீவி பர்வதத்தின் சாரல் வெளிவந்தது. அதே ஆண்டில் தொடங்கிய புதுவை முரசு, அவருடைய புதிய கொள்கைக்கு உள்ளூரில் ஒரு களமாயிற்று.

சஞ்சீவி பர்வதத்தின் சாரலின் கதை சிறிது. குப்பனும் வஞ்சியும் காதலர். மலையின் மேலுள்ள இரு மூலிகைகளைப் பறித்துத் தரவேண்டும் என்கிறாள் வஞ்சி. ஒன்றைத் தின்றால் உலக மக்கள் பேசுவதெல்லாம் காதில் விழும். மற்றொன்றைத் தின்றால் உலகக் காட்சிகள் கண்ணுக்குப் புலப்படும். மலையேறி மூலிகையைத் தின்ற இருவருக்கும் பிரெஞ்சு நாட்டு விடுதியொன்றில் நடக்கும் பேச்சு கேட்கிறது. நிறவேற்றுமை பாராட்டும் ஒருவன் அங்கே கண்டிக்கப்படுகிறான். பிற நாட்டார் பேச்சும் தொடர்ந்து கேட்கிறது. இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு குரல் வருகிறது. அது இராமாயணக் காலட்சேபம் செய்யும் பாகவதரின் குரல். அனுமன் சஞ்சீவி மலையைப் பெயர்த்தெடுக்கும் கட்டத்தை அவர் விரிக்கிறார். அதைக் கேட்ட குப்பன், தான் நிற்கும் மலையே இப்போது பெயர்க்கப்படப் போகிறது என்று நடுங்குகிறான். அது கதை என்று எடுத்துச் சொல்லி அவன் அச்சத்தைப் போக்குபவள் வஞ்சி.

இங்கே கவிஞரின் நுட்பத்தைக் காண வேண்டும். கதை நம்பத்தகாதது என்று வாதம் செய்ய அவர் வரவில்லை. உலகத்தின் குரலைக் கேட்பிக்கும் மூலிகையும் நம்பத்தகாததே. அதை அவர் இராமாயணத்தின் மலையிலிருந்தே பறித்திருக்கிறார். மாயத்தைக் கொண்டே மாயத்தைச் சோதித்திருக்கிறார். வானொலி நம் இல்லங்களில் நுழையாத காலத்தில், உலகமெங்கும் நடக்கும் பேச்சை ஒரு மலையுச்சியில் அமர்ந்து கேட்கும் வாய்ப்பை இரு எளிய தமிழருக்கு அவர் அளித்தார். பிற நாட்டார் உரிமை பற்றிப் பேசும் வேளையில் நம் நாட்டில் என்ன பேசப்படுகிறது என்ற ஒப்பீடு தானே பிறக்கிறது. கதையைக் கதையாகச் சுவைப்பதில் அவருக்குத் தடையில்லை. கதையை நடப்பென்று நம்பி நடுங்குவதே அவர் கண்ட நோய். அந்த நோயைத் தீர்க்கும் அறிவை ஆணிடம் வைக்காமல் பெண்ணிடம் வைத்ததும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

இரணியனுக்கு ஒரு வழக்கு

1934இல் அவர் எழுதிய இரணியன் அல்லது இணையற்ற வீரன் என்னும் நாடகம், செப்டம்பர் 9ஆம் நாள் சென்னையில் பெரியார் தலைமையில் நடிக்கப்பட்டது. பிரகலாதன் கதை தமிழ்நாட்டில் வேரூன்றிய கதை. கம்பர் இராமகாதைக்குள்ளேயே இரணியன் வதைக்கு ஒரு படலம் வகுத்தார். மெலட்டூர்ப் பாகவத மேளாவில் அது ஆண்டுதோறும் நடிக்கப்படுகிறது. கூத்து மேடையிலும் இரணியனுக்குத் தனியிடம் உண்டு. 1939இல் டி.ஆர். மகாலிங்கம் பிரகலாதனாக நடித்த திரைப்படமும் வெளிவந்தது. இத்தகைய கதையில் பாரதிதாசன் பக்கம் மாறி நின்றார். அவருடைய இரணியன் நாட்டைக் காக்கும் தமிழ் மன்னன். அவனை வீழ்த்துவது தெய்வத்தின் வருகையன்று; அரண்மனைக்குள் புகுந்த சூழ்ச்சி. தூணிலிருந்து வெளிப்படும் சிங்கத்தின் அதிசயம் நாடகத்தில் சதியாக மாறிவிடுகிறது. 1948இல் சென்னை அரசு இந்நாடகத்தைத் தடை செய்தது.

தோற்றவனின் பக்கம் நின்று கதையைச் சொல்லும் முயற்சி தமிழுக்கு மட்டும் உரியதன்று. வங்கத்தில் மைக்கேல் மதுசூதன தத்தர் 1861இலேயே மேகநாதனை நாயகனாக்கிக் காவியம் பாடினார். மலையாளத்தில் குமாரன் ஆசான் 1919இல் சீதையின் மனத்திலிருந்து இராமனை வினவும் காவியத்தைத் தந்தார். தமிழில் புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946இல் வெளிவந்து, 1948இல் தடைக்குள்ளாகி, 1971இல் தடை நீங்கப்பெற்றது. 1943இல் கம்பராமாயணம், பெரியபுராணம் பற்றி அண்ணாவும் தமிழறிஞர்களும் நடத்திய சொற்போரும் இவ்வரிசையில் வருவதே. பெருங்கதை ஒன்று மக்கள் மனத்தில் ஆட்சி செலுத்தும் இடங்களிலெல்லாம், அந்த ஆட்சிக்கு உட்பட மறுக்கும் கவிஞன் ஒருவனும் தோன்றியிருக்கிறான். அந்த வரிசையில் மேடைக்கென்றே எழுதியவர் பாரதிதாசன்.

முடிவை மாற்றிய காவியம்

1935இல் ஸ்ரீசுப்பிரமணிய பாரதி கவிதாமண்டலம் என்னும் இதழைத் தொடங்கினார். கவிதைக்கென்றே தமிழில் தோன்றிய முதல் இதழ் என்று அதனைக் கூறுவர். 1937இல் புரட்சிக்கவி வெளிவந்தது. பதினோராம் நூற்றாண்டுக் காசுமீரக் கவிஞர் பில்கணரைப் பற்றி வழங்கிய காதற்கதையே பில்கணீயம். அதைத் தழுவி அவர் இக்குறுங்காவியத்தைப் படைத்தார்.

அரசன் மகளுக்குக் கவிதை கற்பிக்கக் கவிஞன் ஒருவன் அமர்த்தப்படுகிறான். இருவரும் காதல் கொள்ளாதிருக்க இடையே ஒரு திரை. கவிஞன் குருடன் என்று இளவரசியிடமும், இளவரசி தொழுநோயாளி என்று கவிஞனிடமும் பொய் சொல்லப்படுகிறது. ஒருநாள் முழுநிலவைக் கண்ட கவிஞன் அதைப் பாடுகிறான். குருடன் நிலவைப் பாடுவது எப்படி என்று ஐயுற்ற இளவரசி திரையை விலக்குகிறாள். காதல் வெளிப்படவே அரசன் கொலைத்தண்டனை விதிக்கிறான். மூலக்கதையில் அரசன் மனமிரங்கி மன்னிக்கிறான். பாரதிதாசனின் உதாரன் அரசனிடம் மன்னிப்பு வேண்டவில்லை. கொலைக்களத்தில் கூடிய மக்களை நோக்கிப் பேசுகிறான். மக்கள் எழுகின்றனர், முடியாட்சி வீழ்கிறது, நாடு மக்களுடையதாகிறது.

கதையின் பெரும்பகுதியைப் பாரதிதாசன் அப்படியே வைத்துக்கொண்டார். திரையும் பொய்யும் நிலவும் மூலத்தில் உள்ளவையே. மாற்றியது முடிவை மட்டும். ஆனால் அந்த ஒரு மாற்றத்தால் முன்னர் வந்த நிகழ்ச்சிகள் அனைத்தும் வேறு பொருள் பெற்றுவிடுகின்றன. அரசனின் கருணைக்கு எடுத்துக்காட்டாக இருந்த கதை அரசனின் தேவையையே கேள்விக்குள்ளாக்கும் கதையாகிறது. காதலரைப் பிரிக்கும் திரை, ஆள்வோர் மக்களிடையே விரிக்கும் பொய்த்திரையாகவும் தெரிகிறது. பில்கணன் கதை 1948இல் டி.கே. சண்முகம் நடிக்கத் திரைப்படமாகவும் வந்தது. எனினும் தமிழர் நினைவில் நிலைத்தது உதாரனும் அமுதவல்லியுமே.

அவர் கவிதைகளின் முதல் தொகுதியைக் குஞ்சிதம் குருசாமி 1938இல் வெளியிட்டார். 1946 சூலை 29ஆம் நாள் சென்னையில் அண்ணாவின் முயற்சியால் நடைபெற்ற விழாவில் அவருக்கு இருபத்தையாயிரம் ரூபாய் பொற்கிழி அளிக்கப்பட்டது. புரட்சிக்கவி என்னும் பட்டமும் சூட்டப்பட்டது. அவ்வாண்டிலேயே ஆசிரியப் பணியிலிருந்தும் ஓய்வு பெற்றார்.

செஞ்சிக் கோட்டையின் மறுபக்கம்

புதுவைக்கு மேற்கே நிற்கும் செஞ்சிக் கோட்டையைச் சுற்றி எழுந்தது தேசிங்கு ராசன் கதை. ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது 1714இல் இளவயதில் மாண்ட தேசிங்கை நாட்டார் பாடல் வீரத்தின் உருவாக்கியது. அவன் குதிரையும் நண்பனும்கூட அழியாப் புகழ் பெற்றனர். அவன் கதை திரைப்படமாகவும் வந்திருக்கிறது. ஊரே கண்ணீர் விட்டுக் கேட்கும் இந்தக் கதையையும் பாரதிதாசன் விட்டுவைக்கவில்லை. 1949இல் வெளிவந்த தமிழச்சியின் கத்தி, தேசிங்கின் ஆட்சியில் வாழ்ந்த ஓர் எளிய குடும்பத்தின் நிலையிலிருந்து அக்காலத்தைக் காண்கிறது. தேசிங்கின் ஆளான சுதரிசன் சிங், திம்மனின் மனைவி சுப்பம்மாவின்மீது தீய நோக்கம் கொள்கிறான். நயவஞ்சகத்துக்கு இரையான அந்தப் பெண் கத்தியை எடுக்கிறாள். பாடலில் வீரனாக விளங்கும் தேசிங்கு இங்கே அயலான் ஆட்சியின் தலைவனாக நிற்கிறான்.

இந்நூலின் வலிவையும் குறையையும் ஒருங்கே கூற வேண்டும். கோட்டைக்குள் நடந்ததைப் பாடிய கதைக்கு எதிராகக் கோட்டைக்கு வெளியே நடந்ததைப் பாடியது அதன் வலிவு. அரசர்களின் வீரத்துக்கு விலை கொடுத்தவர் யார் என்ற வினா அதில் இருக்கிறது. எனினும் நாயகன் இருந்த இடத்தில் வில்லனையும், வில்லன் இருந்த இடத்தில் நாயகனையும் வைப்பதோடு சில இடங்களில் கவிஞர் நிறைவடைந்துவிடுகிறார். இன எதிர்ப்புணர்வு மேலோங்கும்போது மாந்தர் உயிருள்ள மனிதராக வளராமல் கட்சிக்காரராக நின்றுவிடுகின்றனர். இரணியன் நாடகத்திலும் இக்குறையைக் காணலாம். சஞ்சீவி பர்வதத்தின் சாரலும் புரட்சிக்கவியும் நிலைத்த அளவுக்கு இவை நிலைக்காமைக்கு இதுவும் ஒரு காரணம். முன்னவை கதையின் கட்டமைப்பையே திருப்பின. பின்னவை பாத்திரங்களின் இருக்கைகளை மாற்றின.

திரையுலகில் கவிஞர்

பாரதிதாசனின் திரையுலகத் தொடர்பு 1937இல் வெளிவந்த பாலாமணி அல்லது பக்காத்திருடன் படத்தோடு தொடங்கியது. 1938இல் ஸ்ரீராமாநுஜர் படத்துக்குப் பாடல்கள் எழுதினார். 1940இல் நாகசுர மேதை டி.என். இராசரத்தினம் பிள்ளை நடித்த கவி காளமேகம் அவர் எழுத்தில் உருவாயிற்று. 1940களின் நடுவில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த சுலோசனாவுக்கும், 1947இல் வந்த ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணிக்கும் எழுதினார். 1950இல் அவருடைய எதிர்பாராத முத்தம், எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் பொன்முடி என்னும் படமாயிற்று. 1952இல் வளையாபதி வெளிவந்தது.

வைணவ ஆசாரியரின் வரலாற்றுக்குப் பாடல் எழுதியதும், இராமாயணக் கிளைக்கதைக்கு வசனம் எழுதியதும் அவருடைய கொள்கைக்கு முரணாகத் தோன்றலாம். அவர் காலத்திலும் அப்படித் தோன்றியிருக்கும். ஆயின் எந்தக் கதைகள் அவர் கைக்கு வந்தன என்பதையும் உற்று நோக்க வேண்டும். சாதி வேற்றுமையை மீறித் திருமந்திரத்தைக் கோபுரத்தின்மேல் ஏறிச் சொன்னவர் என்று போற்றப்படுபவர் இராமாநுசர். சுலோசனா, தோற்ற பக்கத்தைச் சேர்ந்த இந்திரசித்தின் மனைவி. மதுசூதன தத்தர் பாடிய அதே வீரனின் இல்லம் அது. அபூர்வ சிந்தாமணியோ தன் வினாக்களுக்கு விடை கூறாத இளவரசர்களின் தலையை வாங்குபவள். அவளுக்குப் பின்னே போலித் துறவி ஒருவன் இருக்கிறான். பெரிய எழுத்துப் புத்தகத்தின் மாயக்கதை, போலித் துறவியின் முகத்திரையைக் கிழிக்கும் கதையாகவும் பயன்பட்டது.

எனினும் திரைப்படம் கவிஞன் ஒருவனின் தனி உடைமையன்று. கவிதையில் முடிவை மாற்ற ஒரு பேனா போதும். திரையில் முதலாளி, இயக்குநர், நடிகர், இசையமைப்பாளர், கொட்டகைக்காரர், தணிக்கையாளர் என்று எத்தனையோ கைகள் கதையைத் தொடுகின்றன. மக்கள் ஏற்கெனவே அறிந்த கதையை அறிந்தபடியே காண விரும்புகின்றனர் என்ற நம்பிக்கை வணிகத்தின் அடித்தளம். ஆகவே பாட்டில் பெற்ற வெற்றியைப் பாரதிதாசன் படத்தில் பெறவில்லை. திரையில் அவர் பெயரைப் பரவலாக நிலைநிறுத்தியது, 1951இல் வெளிவந்த அண்ணாவின் ஓர் இரவு படத்தில் தேசு இராகத்தில் ஒலித்த பாடலே. அது படத்துக்கென்று எழுதப்பட்டதன்று. முன்னரே இசையமுதில் இடம்பெற்றிருந்தது.

நிறைவேறாத படம்

பழங்கதைகளைத் திருப்பி எழுதியவர், பழங்கதை போன்ற புதுக்கதை ஒன்றையும் தாமே படைத்தார். 1943இல் வெளிவந்த பாண்டியன் பரிசு அத்தகையது. தொலைந்த பேழை, வஞ்சகம் புரியும் நரிக்கண்ணன், பேழையை மீட்பவரையே மணப்பதென்று உறுதி கொண்ட இளவரசி அன்னம், எளிய குடியில் வளர்ந்த வேலன் என்று மாயாசாலக் கதைக்குரிய உறுப்புகள் அனைத்தும் அதில் உள்ளன. மந்திரம் மட்டும் இல்லை. தெய்வத்தின் துணையின்றி, மனிதரின் சூழ்ச்சியாலும் வீரத்தாலுமே விறுவிறுப்பான வீரகதை ஒன்றைக் கட்ட முடியும் என்று அக்காவியம் காட்டியது. பிறப்பால் அரசனல்லாதவன் இளவரசியை அடைவதில் புரட்சிக்கவியின் எதிரொலியும் கேட்கிறது.

1954இல் புதுவை இந்தியாவோடு இணைந்தது. 1955இல் பாரதிதாசன் புதுவைச் சட்டமன்ற உறுப்பினரானார். 1958இல் குயில் வார இதழாக வந்தது. எழுபதாம் வயதை எட்டிய வேளையில், 1961இல், அவர் சென்னைக்குக் குடியேறினார். பாரதிதாசன் பிக்சர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கிப் பாண்டியன் பரிசைப் படமாக்க முனைந்தார். பிறர் கைகளில் உருமாறிய கதைகளைக் கண்டு சலித்த கவிஞர், தம் கதையைத் தாமே திரைக்குக் கொண்டுவர எண்ணியது இயல்பே. ஆனால் அம்முயற்சி நிறைவேறவில்லை. ஆசான் பாரதியாரின் வாழ்க்கையைத் திரைக்கு எழுதும் பணியிலும் அக்காலத்தில் ஈடுபட்டிருந்தார்.

அந்தச் சோர்வுக்கிடையிலும் பழங்கதையை அவர் விடவில்லை. 1962இல் கண்ணகி புரட்சிக் காப்பியமும் மணிமேகலை வெண்பாவும் வெளிவந்தன. சிலம்பின் கதையையும் மேகலையின் கதையையும் பகுத்தறிவுக்கு இசையத் தம் காலத்துக்குச் சொல்வது அவர் நோக்கம். தமிழ்ப் பெருங்காப்பியங்களை அவர் அணுகிய முறைக்கும் இரணியன் கதையை அணுகிய முறைக்கும் வேறுபாடு உண்டு. ஒன்றைத் தன்னுடையது என்ற உரிமையோடு திருத்தினார். மற்றொன்றைப் புறத்தே நின்று எதிர்த்தார். இரண்டிலும் அற்புதம் அவர் கையில் மனிதச் செயலாக மாறவே முற்பட்டது.

1964 ஏப்ரல் 21ஆம் நாள் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அவர் காலமானார். உடல் புதுவைக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த பிசிராந்தையார் நாடகத்துக்கு 1969ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருது அளிக்கப்பட்டது. கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் நட்பென்னும் சங்ககாலக் கதையைத்தான் அந்நாடகமும் புதுக்கியது. 1982இல் திருச்சிராப்பள்ளியில் அவர் பெயரால் பல்கலைக்கழகம் அமைந்தது. நூற்றாண்டையொட்டி அவருடைய படைப்புகள் நாட்டுடைமையாயின. புதுவை அரசின் தமிழ்த்தாய் வாழ்த்து அவர் பாடலே. பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த இல்லம் நினைவு அருங்காட்சியகமாக விளங்குகிறது.

கவிஞர்க்கு விட்டுச்சென்ற பணி

பாரதிதாசன் மறைந்த பின்னரும் பெருங்கதைகள் ஓயவில்லை. 1980களின் பிற்பகுதியில் இராமாயணமும் மகாபாரதமும் தொலைக்காட்சித் தொடர்களாக வந்தபோது ஞாயிறு காலைகளில் தெருக்கள் வெறிச்சோடின. கூத்துக் கொட்டகையில் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த கதை, ஒரே வடிவில் நாடெங்கும் சென்றது. கதை பரவுந்தோறும் அதன் கிளைகள் மறையும் என்பது இதில் உள்ள பேரிழப்பு. இராமன் கதைக்கு ஒரே முகம் என்று ஒரு தலைமுறை நம்பத் தொடங்கும்போது, தோற்றவரின் கதையும் பெண்ணின் கதையும் கோட்டைக்கு வெளியே வாழ்ந்தவரின் கதையும் பேச்சற்றுப் போகின்றன.

பாவேந்தரின் மறுபடைப்புகளை அப்படியே பின்பற்ற வேண்டும் என்பதில்லை. அவற்றுள் காலத்தோடு கரைந்தவையும் உண்டு. ஆனால் அவர் வாழ்க்கை ஒரு பாடத்தை விட்டுச் சென்றிருக்கிறது. கதையைக் கேட்டு மயங்கியவனே கதையை மாற்றவும் வல்லவன். கதையை வெறுப்பவனால் அது இயலாது. மயிலம் முருகனைப் பாடியிராவிட்டால் சஞ்சீவி மலையின் மூலிகையை அவர் கண்டிருக்க மாட்டார். அம்மலையை யாரும் பெயர்க்கவில்லை என்று வஞ்சி சொன்ன பிறகும் கவிதையில் மலை அங்கேயே நிற்கிறது. காதலர் இருவரும் அச்சமின்றி அதன் சாரலிலேயே அமர்ந்திருக்கின்றனர். பழங்கதையை இடிக்காமல், அதற்கு அடிமைப்படாமலும், அதன் சாரலில் நிமிர்ந்து அமரும் அந்த நிலையே தமிழ்க் கவிஞர் ஒவ்வொருவரும் தம் காலத்தில் மீண்டும் எட்ட வேண்டிய நிலை.